வட்டுவாகல்வரை ஓர் அழைத்தல்

பாஸ்கா காலத்தின் நாலாம் ஞாயிறு கத்தோலிக்கரான எங்களுக்கு இறையழைத்தல் ஞாயிறு. 1964இல் ஆறாம் பவுல் பாப்பரசர் தொடக்கி வைத்தது. மறைக்கல்வி வகுப்பில், "ஆர் சுவாமியாராகப் போறீங்கள்?" என்று பெடியளிடம் கேட்பேன். நாலைந்து கை உயரும். எனக்கென்னவோ அந்தக் கேள்வியே அரைகுறை.

ஏனென்று 2009ஐ நினைத்தால் விளங்கும். போரின் கடைசி நாட்கள். அந்த ஆண்டில் இறையழைத்தல் ஞாயிறு மே 3. முள்ளிவாய்க்காலில் சனம் பதுங்குகுழிக்குள். பிரான்சிஸ் யோசப் அடிகளும் அவர்களோடு. யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். பிறகு கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பித்தவர். மே 10இல் பாப்பரசருக்குக் கடிதம் எழுதினார். மே 18, வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்களை எழுதி, அவர்களோடேயே பஸ்ஸில் ஏறினார் என்பது உறவினர்களின் சாட்சியம். பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. அதே நாளில் உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகள், சனத்தோடு வெளியேறும்போது மாரடைப்பால் இறந்தார்.

குருமடத்தில் சேர்ந்த நாளைத்தான் வழமையாக அழைத்தலின் நாள் என்போம். இவர்கள் இருவருக்கும் நான் மே 18ஐத்தான் சொல்வேன். சனத்தை விட்டுப் போகாமல் கடைசிவரை அவர்களோடு நின்றார்கள். சரணடைந்தோரின் பட்டியலைத் தரச்சொல்லிக் குடும்பங்கள் இன்னும் கேட்கின்றன.