ஆளுநர் நிலமும் மக்கள் வெளியும்

சிட்னி நகரின் உயர்ந்த கட்டடங்களுக்கும் கடல்நீருக்கும் இடையே டொமைன் என்னும் பசும்பரப்பு விரிந்து கிடக்கிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஆளுநர் மாளிகைக்குரிய நிலமாக இருந்தது அது. அதன் எல்லையை வரையறுக்க நடந்த போராட்டமே அந்நகரின் தொடக்கக் கால அரசியல் எனினும் மிகையாகாது.

1788-இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் அங்குக் குடியேற்றத்தை நிறுவினார். அந்த மண் காடிகல் மக்களுடையது. அவர்தம் இசைவு பெறாமலேயே ஆளுநர் மாளிகை எழுந்தது. பின்னர் வரையப்பட்ட எல்லைகள் யாவும் இந்த முதல் அத்துமீறலின் மேல் வரையப்பட்டவையே.

1792 டிசம்பரில் தாயகம் திரும்புமுன், பிலிப் நகர வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். வுல்லூமூலூ விரிகுடாவின் தலைப்பிலிருந்து காக்கிள் விரிகுடாவின் தலைப்பு வரை சென்றது அக்கோடு. அதனுள் அடங்கிய நிலத்தை எவருக்கும் வழங்குதலோ குத்தகைக்கு விடுதலோ கூடாதென ஆணையிட்டார். ஆயினும், அவருக்குப்பின் வந்தோர் கோட்டுக்குள் குத்தகைகளை வழங்கினர்; மாளிகைக்கு அருகிலும் வீடுகள் எழுந்தன.

1807-இல் ஆளுநர் வில்லியம் பிளை பழைய கோட்டை உயிர்ப்பிக்க முனைந்து, அவ்வீடுகளில் சிலவற்றை அகற்ற உத்தரவிட்டார். உடைமையாளர் கொதித்தனர். 1808 ஜனவரி 26 அன்று படையினரே மாளிகைக்குள் புகுந்து அவரைச் சிறைப்பிடித்தனர். அக்கிளர்ச்சியின் காரணங்களுள் இந்நிலத் தகராறும் ஒன்று.

அடுத்து வந்த லக்லன் மக்குவாரி காகிதக் கோட்டை நம்பவில்லை, கற்சுவர் எழுப்பினார். மதிப்புடையோர் வாயில் வழியே உள்ளே உலவலாம். சுவரேறிக் குதிப்போர் தண்டனைக்குரியர். 1816 ஏப்ரலில் அவ்வாறு பிடிபட்ட மூவருக்கு, முறையான விசாரணையின்றி, தலைக்கு 25 கசையடி விதித்தார். அவர்கள் கைதிகள் அல்லர், சுதந்திர மனிதர். இச்செய்தி இலண்டன் நாடாளுமன்றம் வரை சென்று, மக்குவாரியின் புகழில் மாசாய்ப் படிந்தது. மாளிகை நிலத்தினூடே அவர் மனைவியின் பெயரால் அமைந்த சாலை நிறைவுற்றதும் அதே 1816-இல்தான். உலாவுவோர்க்குச் சாலையும் அத்துமீறுவோர்க்குச் சாட்டையும் ஒரே ஆண்டின் கொடைகள்.

காலப்போக்கில் வாயில்கள் அனைவர்க்கும் திறந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஞாயிறுதோறும் மேடைப் பேச்சாளர்கள் அங்கு முழங்கினர். 1916-இல் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து மாபெரும் கூட்டங்கள் திரண்டதும் அவ்வெளியில்தான்.

ஆளுநரின் தனிமைக்காக வரையப்பட்ட எல்லை அந்நிலத்தைக் கட்டடங்களிடமிருந்து காத்தது. ஆனால், அதைப் பொதுவெளி ஆக்கியது ஆணையன்று. அங்கு வந்து நின்ற மக்களின் கால்களே. அவ்வுரிமையும் நிலையானதாய் இருந்துவிடவில்லை. 1962-இல் நிறைவுற்ற கேஹில் விரைவுச்சாலை டொமைனையும் தாவரவியல் பூங்காவையும் இரண்டாகப் பிளந்தது. அரசு வரைந்த கோட்டைக் காக்கும் பொறுப்பு இறுதியில் மக்களிடமே வந்து சேர்கிறது. காடிகல் மக்களின் கணக்கோ அக்கோடுகள் எதிலும் இன்னும் தீர்க்கப்படவில்லை.