வெப்பப் பரிமாற்றி: "நல்லா வேலை செய்யுதா?" கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஜூரோங் தீவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். இத்தகைய ஆலைகளில் கச்சா எண்ணெயை நேராக உலைக்கு அனுப்புவதில்லை. போகும் வழியிலேயே சூடாக்கிவிடுவார்கள்.

எதை வைத்து? ஏற்கெனவே பிரித்தெடுத்த, இன்னும் சூடு ஆறாத எண்ணெயை வைத்தே!

இரண்டும் கலக்காது. குழாய்ச் சுவர் வழியாக வெப்பம் மட்டும் கைமாறும். அதற்கான சாதனமே வெப்பப் பரிமாற்றி.

சரி, அதன் செயல்திறனை எப்படிக் கணக்கிடுவது?

"சூடான பக்கம் கொடுத்ததில் எவ்வளவு மறுபக்கம் வாங்கியது?" என்று கேட்கத் தோன்றும். அது அவ்வளவாக உதவாது. வெளியே வெப்பக்காப்பு ஒழுங்காக இருந்தால் விடை கிட்டத்தட்ட 100 விழுக்காடுதான். உள்ளே அழுக்கு மண்டிக் கிடந்தாலும் அதே விடைதான்!

கேட்க வேண்டியது இது: கைமாறக்கூடிய அதிகபட்ச வெப்பத்தில் எவ்வளவு உண்மையில் கைமாறியது?

ஓர் உதாரணம். எண்கள் எளிமைக்காக:

சூடான எண்ணெய் விநாடிக்கு 20 கிலோ ஓடுகிறது. 300 டிகிரி செல்சியஸில் நுழைந்து 220இல் வெளியேறுகிறது. கச்சா எண்ணெய் விநாடிக்கு 40 கிலோ. 100 டிகிரியில் நுழைகிறது. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க இரண்டுக்குமே 2.5 கிலோஜூல் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

கைமாறிய வெப்பம்: 20 × 2.5 × 80 = 4,000 கிலோவாட்.

அதிகபட்சம்? சூடான எண்ணெய் 100 டிகிரி வரை ஆறினால் 20 × 2.5 × 200 = 10,000 கிலோவாட். ஓட்டமும் வெப்ப ஏற்புத்திறனும் சேர்ந்து எந்தப் பக்கம் குறைவோ, அந்தப் பக்கத்தை வைத்துத்தான் இதைக் கணக்கிட வேண்டும். இங்கே அது சூடான பக்கம்.

ஆக, செயல்திறன் 40 விழுக்காடு.

சில மாதங்களில் குழாய்ச் சுவரில் படிவு சேரும். அதே எண்ணெய் இப்போது 240 டிகிரியில் வெளியேறினால் கைமாறுவது 3,000 கிலோவாட் மட்டுமே. செயல்திறன் 30 விழுக்காடு.

குறைந்த 1,000 கிலோவாட்டை யார் ஈடுகட்டுவது? உலைதான். கூடுதல் எரிபொருள், கூடுதல் கரியமில வாயு. சிங்கப்பூரில் பெரிய ஆலைகள் அதற்குக் கரிம வரியும் கட்ட வேண்டும். 2024இல் டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்த வரி, 2026இல் 45 வெள்ளி.

ஒரு விஷயம் கவனியுங்க. ஓட்டத்தின் வேகம் மாறினாலும் இந்த விழுக்காடு மாறும். அதனால் ஒரே ஓட்டத்தில் எடுத்த அளவுகளைத்தான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சுத்தமாக இருக்கும் பரிமாற்றியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்போம்!