பிக்வண் பூநாரைகளை விரட்டாமல் படம் பிடிப்பது எப்படி? 'டிஜிஸ்கோப்பிங்' ஒரு விளக்கம்

புனேவிலிருந்து சோலாப்பூர் சாலையில் சுமார் 100 கி.மீ. போனால் பிக்வண். பீமா ஆற்றில் கட்டப்பட்ட உஜனி அணையின் பின்தேங்கு நீர் இங்கே ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் பெரிய பூநாரைகளும் இமயமலை தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளும் இங்கே இரை தேடுகின்றன. வார இறுதி வந்தால் ஹிஞ்சவடி, மகர்பட்டா பக்கமிருந்து கேமராக்களும் வந்துவிடும்.

சிக்கல் தூரம்தான். கையில் இருக்கும் சின்ன கேமராவில் பூநாரை ஒரு வெள்ளைப் புள்ளி. உடனே படகுக்காரரிடம், "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க" என்கிறோம். படகு நெருங்க, கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கிறது. படம் என்னவோ பிரமாதமாக வரும். ஆனால் இரை தேட வந்த பறவை அந்த நேரத்தையும் உடலின் சக்தியையும் இழக்கிறது. அடுத்த படகுக்கும் அதே கதை.

கரையில் நின்றபடியே அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வழி உண்டு.

அது என்ன டிஜிஸ்கோப்பிங்?

பறவை பார்ப்பவர்கள் முக்காலியில் வைத்துப் பயன்படுத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கிக்கு 'ஸ்பாட்டிங் ஸ்கோப்' என்று பெயர். நாம் கண் வைக்கும் இடத்தில் கேமராவை வைத்தால் அதுதான் டிஜிஸ்கோப்பிங். மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ 1999-ல் நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவை லைக்கா ஸ்கோப்போடு சேர்த்துப் படம் எடுத்தார். அதன் பிறகுதான் இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

2 மெகாபிக்சல் கேமராவில் அப்படி என்ன இருந்தது? அதன் லென்ஸ் வெளியே நீளாது, உடலுக்குள்ளேயே நகரும். முன்கண்ணாடியும் சிறியது. அதனால் ஸ்கோப்பின் கண்வில்லையோடு ஒட்டி உட்கார்ந்தது. பிறகு வந்த 20, 30 மடங்கு ஜூம் கேமராக்களின் லென்ஸ் முன்னால் நீண்டுகொண்டு வரும். படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். இதற்கு 3 அல்லது 4 மடங்கு ஜூம் உள்ள சாதாரண காம்பேக்ட் கேமராவே மேல். வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம், தேடிப் பாருங்கள்.

கணக்கு இதுதான்

ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைக் கேமராவின் குவியத்தூரத்தால் பெருக்க வேண்டும். கூல்பிக்ஸ் 950-ன் முழு ஜூம், 35 மி.மீ. ஃபிலிம் அளவில் சொன்னால், 115 மி.மீ. ஸ்கோப் 20 மடங்கு என்றால் கிடைப்பது 2,300 மி.மீ. பறவைப் படக்காரர்கள் தோளில் சுமக்கும் பெரிய லென்ஸ்களே பெரும்பாலும் 500, 600 மி.மீ. தான்.

இதற்கு விலை வெளிச்சத்தில் போகிறது. அந்தக் கேமராவின் உண்மையான குவியத்தூரம் 21 மி.மீ. அதை 20-ஆல் பெருக்கி, ஸ்கோப்பின் முன்கண்ணாடி விட்டமான 77-ஆல் வகுத்தால் எஃப்/5.5. பரவாயில்லை. அதே ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருப்பினால் எஃப்/16 தாண்டும். வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஷட்டர் மெதுவாகும், படம் கலங்கும். ஆக, "60 எக்ஸ்" என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 20 முதல் 30 வரைதான் நிஜத்தில் உதவும். காசு போடுவதானால் முன்கண்ணாடிக்கும் உறுதியான முக்காலிக்கும் போடுங்கள்.

மொபைல் போதுமா?

போதும். இன்று பலர் காம்பேக்டை விட்டுவிட்டு அடாப்டர் மூலம் போனைத்தான் பொருத்துகிறார்கள். மெயின் கேமராவில் படம் வட்டத்துக்குள் தெரியும். 2 மடங்கு ஜூம் வைத்தால் வட்டம் மறைந்துவிடும். போனோ கேமராவோ, விரலால் அழுத்தினாலே 2,000 மி.மீ.-ல் நிலநடுக்கம்தான். 2 விநாடி டைமர் வையுங்கள். வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லையென்றால் இறகு விவரம் வெளுத்துப்போகும்.

வெயில் ஏறினால் நீர்ப்பரப்பின் மேல் காற்று அலைபாயும். எவ்வளவு விலை கொடுத்த ஸ்கோப்பாக இருந்தாலும் அதைச் சரிசெய்யாது. விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் நல்ல நேரம். பழகிக்கொள்ள பிக்வண் வரை போகத் தேவையில்லை, பாஷாண் ஏரியோ முளா-முட்டா கரையில் உள்ள கவடியோ போதும். பறக்கும் பறவைக்கும் சிங்கட் பள்ளத்தாக்கில் கிளை கிளையாகத் தாவும் ஈப்பிடிப்பானுக்கும் இது சரிவராது. ஸ்கோப்பில் குறி வைப்பதற்குள் அது போயிருக்கும்.

படம் வெறும் லைக்குக்கு மட்டுமா?

இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது; 178 இனங்களுக்கு உடனடி கவனம் தேவை என்றது. அதன் அடித்தளம், சாதாரணப் பறவை ஆர்வலர்கள் 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்த சுமார் 3 கோடி பதிவுகள். அங்கே அரிய பறவையைப் பதிந்தால் ஆதாரம் கேட்பார்கள். சேற்றில் ஓடும் கொசு உள்ளானையும் டெம்மிங்க் ஸ்டின்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு. முன்னதற்குக் கால் கறுப்பு, பின்னதற்கு மஞ்சள் கலந்த வெளிர் நிறம். அழகில்லாத, சற்றே கலங்கிய ஸ்கோப் படத்திலும் கால் நிறம் தெரிந்துவிடும். அதற்கு அது போதும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஸ்கோப்பையும் பையில் போட்டுக்கொள்ளலாம். தனுஷ்கோடியை 2025 ஜூனில் தமிழக அரசு பெரிய பூநாரை சரணாலயமாக அறிவித்தது. அங்கும் பறவைகள் நிற்பது கரையிலிருந்து தள்ளித்தான்.