பேர் சொல்லாத பிள்ளை

பிள்ளைக்குப் பெயர் வைக்க நாம் நட்சத்திரம் பார்ப்போம், முதல் எழுத்து கேட்போம். தாத்தா பெயரா, குலசாமி பெயரா என்று வீட்டில் சண்டை நடக்கும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1963-ல் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பெயர் தேடிக் கொடுத்தது ஐபிஎம் 1401 கம்ப்யூட்டர். ஒரே ஒரு உயிரெழுத்து வருகிற மாதிரி நான்கெழுத்து ஆங்கிலச் சொற்கள் வேண்டும் என்று கேட்டார்கள். அது 1,85,000 சொற்களுக்கு மேல் அடித்துத் தள்ளியது. அதோடு ஊழியர்கள் சொன்ன பெயர்களையும் சேர்த்துக்கொண்டு, வாயில் நுழையாதவை, வேறு யாரோ பதிவு செய்து வைத்திருப்பவை எல்லாவற்றையும் கழித்தார்கள். கடைசியில் இருபது பெயர் மிஞ்சியது. அதில் ஒன்றை எடுத்து, அதிலும் ஓர் எழுத்தை நறுக்கி ‘டேப்’ என்று வைத்தார்கள். கம்ப்யூட்டர் விசைப்பலகையில் இடது ஓரத்தில் இருக்கிறதே, அதே சொல்தான். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஒரு கண் வைத்திரு’ என்ற பொருளும் உண்டு. உடம்பு எடைமேல் கண் வைத்திருப்பவர்களுக்கான பானம் என்பதால் பொருத்தமாகப் போயிற்று.

பெற்ற தாய் கோகோ கோலா. அது கொடுத்திருக்க வேண்டிய ஒரே பெயர் தன் சொந்தப் பெயர். அதைத்தான் கொடுக்கவில்லை. 1886-லிருந்து அந்தப் பெயர் ஒரே ஒரு பானத்துக்கு மட்டும். சர்க்கரை இல்லாத இன்னொன்றுக்கு அதை ஒட்டுவதாவது! கெட்டுப்போனால் குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் சில பிள்ளைகளை வளர்ப்பார்கள், படிக்கவைப்பார்கள், இனிஷியல் மட்டும் தரமாட்டார்கள். டேப் கதை அப்படிப்பட்டது.

ஆனால் சர்க்கரை இல்லாத கோலா பெரிய வீட்டில் தொடங்கவில்லை. தொடங்கியது ஓர் ஆஸ்பத்திரி வாசலில்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஹைமன் கிர்ஷ் என்றொருவர் இருந்தார். ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த யூதர். 1904 முதல் சோடா வியாபாரம். நம்மூர் கலர் கம்பெனி முதலாளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தீராத நோயாளிகளுக்கான யூத மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்திலும் அவர் இருந்தார். அங்கே இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அவர் விற்கிற எதையும் குடிக்க வழியில்லை. சோடாக்காரருக்கு இது உறுத்தாதா? 1952-ல் மகன் மாரிஸோடு சேர்ந்து ‘நோ-கால்’ என்ற இஞ்சி சுவைப் பானத்தைக் கொண்டுவந்தார். சர்க்கரைக்குப் பதில் சைக்லமேட். அதிலும் சோடியம் உப்பாக இல்லாமல் கால்சியம் உப்பாகப் போட்டார்கள். இதய நோயாளிகளுக்குச் சோடியம் ஆகாது என்பதால் அந்தக் கரிசனம். ஒரு கூல்டிரிங்ஸ் தயாரிக்கும்போது இதய நோயாளியையும் நினைத்துப் பார்த்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

பாட்டில்கள் விற்றன, ஆனால் வாங்கியவர்களில் பலருக்குச் சர்க்கரை நோயே இல்லை. இடுப்பு பெருத்துவிடுமோ என்று கவலைப்பட்ட ஆரோக்கியமான மனிதர்கள். கிர்ஷ் கம்பெனியும் புரிந்துகொண்டு, பிற்பாடு ‘வெர்டிகோ’ படத்தில் நடித்துப் புகழ்பெற்ற கிம் நோவாக்கை விளம்பரத்துக்குப் பிடித்தது. நோயாளிக்கென்று செய்த பானம் அழகிக்குப் போய்ச் சேர்ந்தது. 1958-ல் ராயல் கிரவுன் கம்பெனி ‘டயட் ரைட்’ என்று ஒரு கோலா கொண்டுவந்து, 1962-ல் அதை நாடு முழுக்க விற்கத் தொடங்கியது. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் அட்லாண்டாவில் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். பெப்சியும் அதே 1963-ல் ‘பாட்டியோ’ என்ற பெயரில் ஒன்றை இறக்கியது. ஆனால் அடுத்த வருஷமே தயக்கத்தை விட்டுவிட்டு ‘டயட் பெப்சி’ என்று சொந்தப் பெயரைக் கொடுத்துவிட்டது.

இந்தப் பானங்களுக்குள் போன இனிப்பின் கதை தனி. மூன்று இனிப்புகள், மூன்றையும் கண்டுபிடித்தவை கழுவாத கைகள். 1879-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலக்கரித் தாரைக் குடைந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், வேலை முடிந்து கைகழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி தித்தித்தது. கையை நக்கிப் பார்த்தார், அதுவும் தித்தித்தது. எழுந்து ஆய்வகத்துக்கு ஓடி, மேசைமேல் இருந்த குடுவைகளை ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்தார். அதில் ஒன்றில் விஷம் இருந்திருந்தால் சாக்கரின் வந்திருக்காது, ஃபால்பெர்க்கும் இருந்திருக்கமாட்டார். 1937-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் காய்ச்சல் மருந்து தேடிய மைக்கேல் ஸ்வேடா, சிகரெட்டை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி வாயில் வைத்தார். புகை இனித்தது. அது சைக்லமேட். 1965-ல் குடற்புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர், காகிதம் எடுக்க விரலை எச்சில் தொட்டார். அது அஸ்பார்டேம்.

சாக்கரின் சர்க்கரையைவிட 300 மடங்கு இனிப்பு. ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு. பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் பெட்டியில் விற்ற குச்சி ஐஸைச் சப்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் பளீரென்று இனிப்பு. சிவப்புச் சாயம் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஐஸ் கரைந்து குச்சி மட்டும் மிஞ்சும்போது நாக்கின் அடியில் தகரத்தை நக்கியது போல ஒரு கசப்பு. “சாக்ரீன் போட்டிருக்கான், தொண்டை கட்டப்போகுது” என்பாள் அம்மா. அந்தக் கசப்பை அமுக்குவதற்குத்தான் சைக்லமேட். அது வெறும் 30 மடங்கு இனிப்பு, ஆனால் சாது. பத்துப் பங்கு சைக்லமேட்டுக்கு ஒரு பங்கு சாக்கரின் என்று கலந்தால் ஒன்றின் குறையை ஒன்று மறைத்துவிடும். டேப் பிறந்ததும் இந்த ஜோடியின் துணையோடுதான்.

ஆறு வருஷம் நன்றாகப் போயிற்று. 1969 அக்டோபரில் இடி விழுந்தது. அந்தக் கலவையைத் தின்ற 240 எலிகளில் எட்டுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. மனிதக் கணக்கில் அது ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டின் குடிப்பதற்குச் சமம். அத்தனை டின் குடித்தால் கட்டி வருமுன் வேறு என்னென்னவோ வரும்! ஆனால் அமெரிக்கச் சட்டம் அளவு பார்க்கவில்லை. மிருகத்துக்குப் புற்றுநோய் தருகிற எதையும் உணவில் சேர்க்கக்கூடாது என்று 1958-லேயே எழுதி வைத்திருந்தார்கள். சைக்லமேட் போயிற்று. டேப் சாக்கரினோடு தனித்து நின்றது, அதாவது குச்சி ஐஸின் கசப்போடு.

அந்தக் கசப்புக்கும் ஆள் சேர்ந்தது. இளஞ்சிவப்பு டின்னைக் கையில் வைத்திருப்பதே ஒரு பெருமையாயிற்று. விளம்பரங்கள் பெண்களைத்தான் குறிவைத்தன. மெலிந்த உருவத்தோடு அவன் மனசில் ஒட்டிக்கொள், அதற்கு டேப் உதவும் என்ற தொனியில் ஒன்று வந்தது. இன்று படித்தால் எரிச்சல்தான் வரும். 1977-ல் கனடாவின் எலிகள் சாக்கரின்மேலும் பழி சொல்ல, அமெரிக்க அரசு அதையும் தடை செய்யப் புறப்பட்டது. அப்போது கடையில் இருந்த ஒரே மாற்று இனிப்பு அது. மக்கள் கொதித்தார்கள், நாடாளுமன்றத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. தடை வராமல் நின்றது. பதிலாக, ஆய்வக மிருகங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கிய பொருள் இதில் இருக்கிறது என்று டின்மேல் அச்சிடச் சொன்னார்கள். டேப் அதையும் நெற்றியில் சுமந்தது. ஆண் எலியின் சிறுநீரில் மட்டும் நடக்கிற ஒரு கோளாறு அது, மனிதருக்குப் பொருந்தாது என்று தெளிந்து, 2000-ல்தான் அந்த வாசகத்தை நீக்கினார்கள்.

இப்போது யோசித்தால் அட்லாண்டாக்காரர்களின் கணக்கு புரிகிறது. இரண்டு முறை விழுந்த அடியும் டேப் முதுகில் விழுந்தது. கோகோ கோலா என்ற பெயருக்கு ஒரு கீறல் இல்லை. பேர் தராமல் வளர்த்ததன் பலன் அது.

1982 ஜூலையில், நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் மேளதாளத்தோடு இன்னொரு பிள்ளையை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் ‘டயட் கோக்’. 96 வருஷம் பொத்தி வைத்த பெயரை ஒரு வழியாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் வந்த டயட் கோக்கிலும் சாக்கரின்தான் இருந்தது. அதே எச்சரிக்கை வாசகம் அதன்மேலும் இருந்தது. ஆக, எந்தப் பயத்தால் மூத்ததற்குப் பெயர் மறுக்கப்பட்டதோ, அந்தப் பயம் இருக்கும்போதே இளையதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. காரணம் சுலபம்: டயட் சந்தை அதற்குள் விட முடியாத அளவுக்குப் பெருத்திருந்தது. அடுத்த வருஷம் கசப்பில்லாத அஸ்பார்டேமுக்கு அனுமதி கிடைத்ததும் டயட் கோக் அதை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது.

டேப் மறுபடி மேடையேறியது 1992-ல், அதுவும் ஒரு தற்கொலைப் படையாக. பெப்சி அப்போது ‘கிரிஸ்டல் பெப்சி’ என்று தண்ணீர் போல நிறமில்லாத கோலாவைக் கொண்டுவந்தது. அது டயட் பானம் அல்ல. கோகோ கோலா பதிலுக்கு ‘டேப் கிளியர்’ என்று நிறமில்லாத டயட் பானத்தை அதன் பக்கத்திலேயே அடுக்கியது. மார்க்கெட்டிங் தலைவர் செர்ஜியோ ஸைமன் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார்: அது சாகவேண்டும் என்றே இறக்கியது, சாகும்போது பெப்சியுடையதையும் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்பதுதான் திட்டம். நிறமில்லாதது என்றாலே ஏதோ மருந்துத் தண்ணீர் என்று ஜனங்கள் குழம்ப, 1994-க்குள் இரண்டும் அலமாரியை விட்டுப் போயின. ஆனால் கிரிஸ்டல் பெப்சிக்கு மறுபிறவி உண்டு. 2016 கோடையில் ‘கொஞ்ச நாளைக்கு மட்டும்’ என்று வந்தபோது பழைய ஆட்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். பெப்சி என்ற பெயர் அதில் இருந்ததே.

டேப் மட்டும் ஏதோ சில ஊர்க் கடைகளில் இளஞ்சிவப்பு நிறத்தில் இழுத்துக்கொண்டு கிடந்தது. 2020-ல், கொரோனா நடுவில், கோகோ கோலா சுமார் 200 பிராண்டுகளைக் கழித்துக்கட்ட முடிவெடுத்தது. அக்டோபரில் டேப்பின் பெயரை வாசித்தார்கள். அந்த வருஷக் கடைசியோடு தயாரிப்பு நின்றது. திரும்பக் கொண்டுவாருங்கள் என்று ஒரு ரசிகர் கூட்டம் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 57 வருஷம் இருந்த அந்தப் பானத்தின் முகப்பில் கோகோ கோலா என்ற பெயர் பெரிய எழுத்தில் ஒருநாளும் வரவில்லை.