அனிதா பால்துரை: குழந்தை பிறந்த பிறகும் ஒரு கோப்பை

சென்னையில் 1985-ல் பிறந்த அனிதா பால்துரை, 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன் ஆனார். தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாட்டுக்காகவும் ஆடினார்.

கல்யாணம், குழந்தை என்று வந்துவிட்டால் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும். அனிதாவோ மகன் பிறந்த பிறகும் மைதானத்துக்குத் திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் 32 வயதில் அணிக்காக ஆடினார். இறுதிப் போட்டியில் எதிரே கஜகஸ்தான். 75-73 என்று இரண்டே புள்ளியில் வென்று இந்தியா 'ஏ' பிரிவுக்கு முன்னேறியது.

பத்மஸ்ரீ 2021-ல் கிடைத்தது. கிரிக்கெட் ஸ்கோர்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் நாம், இந்த 75-73-ஐயும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாமே!