மலையகப் பிள்ளைகளின் உயரம் பரம்பரையா?

அட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் அன்று நிறை பார்க்கும் நாள். மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றை உயரம் அளக்கும் பலகையில் நிறுத்தினோம். பதிவேட்டில் புள்ளி கடைசிக் கோட்டுக்கும் கீழே விழுந்தது. தாய் பதறவில்லை.

“நாங்க எல்லாருமே கட்டைதான் மிஸ். எங்க அம்மாவும் கட்டை, மாமியாரும் கட்டை” என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற உத்தியோகத்தர் ஒருவரும், “இந்த ஆக்களின் உடல்வாகு அப்படித்தான்” என்றார்.

போசாக்கு ஆலோசகராக நான் மலையகத்தில் அதிகம் கேட்டது இந்தப் பதிலைத்தான். என் அம்மம்மாவின் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்து குடியேறியது. வன்னியில் இப்படி வேர் உள்ள குடும்பங்கள் ஏராளம். எனவே இது மலையகத்துக் கதை மட்டுமல்ல.

முதலில் கணக்கு. 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத்தில் அது சுமார் 32. ஆனால் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமல் மெலிந்துபோன பிள்ளைகளின் விகிதம் தோட்டத்தில் நாட்டுச் சராசரியை விட அதிகமில்லை. இதைக் கவனிக்க வேண்டும். போர்க்காலத்திலும் முகாம்களிலும் நாம் கண்ட பசி உடலை உருக்கியது. விலா எலும்பு தெரிந்தது. தோட்டத்துப் பசி அப்படியல்ல. அது ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. பிள்ளை கன்னம் உப்பி, சிரித்துக்கொண்டு நிற்கும். வயதைக் கேட்டால்தான் விடயம் விளங்கும். படம் பிடித்தால் தெரியாத பசி என்பதால் யாரும் படம் பிடிக்க வருவதுமில்லை.

“உடல்வாகு” என்ற வாதம் புதிதல்ல. 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், வறிய நாடுகளின் பிள்ளைகள் பலர் “சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள்” என்று எழுதினார். உணவு குறைந்தால் உடல் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, அதில் கேடு இல்லை என்பது அவர் கருத்து. அதைக் கடுமையாக மறுத்தவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த போசாக்கு அறிஞர் சி. கோபாலன். ஐதராபாத்தின் தேசிய போசாக்கு நிறுவகத்தை வழிநடத்தியவர். சுருங்கிய உடலை ஆரோக்கியம் என்று ஏற்றுக்கொண்டால் வறுமையையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பதே அவருடைய மறுப்பின் சாரம். 2013இல் அரவிந்த் பனகாரியா உலக அளவுகோல் இந்தியப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று எழுதியபோது பழைய சண்டை மீண்டும் கிளம்பியது.

எனக்கு இதில் தயக்கமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பிள்ளைகளை அளந்து உருவானது. தாய்ப்பாலும் நல்ல உணவும் சுத்தமான சூழலும் கிடைத்த டில்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் முதல் ஐந்து வயதில் ஏறத்தாழ ஒரே மாதிரியே வளர்ந்தன. தனி மனிதருக்கிடையே பரம்பரை வேறுபாடு உண்டுதான். ஆனால் ஒரு சமூகத்தின் மூன்றில் ஒரு பிள்ளை கோட்டுக்குக் கீழே நிற்பதைப் பரம்பரையால் விளக்க முடியாது.

அந்தத் தாய் சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது. கட்டையான, இரத்தம் குறைந்த தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம்; அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து தாயாகும்போது அதே கதை. கைமாறி வருவது பசி. 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் மரண வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விட மோசமாக உயர்ந்தது. அக்காலத்துக் குழந்தைகள் இன்றைய பாட்டிமார்.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தேன்: முட்டை, மீன், பால், பழம், இரண்டு வகை மரக்கறி. ஒரு அக்கா அதை வாசித்து மடித்துக்கொண்டே, “கிளினிக்குக்கு வந்ததால இன்னைக்கு அரைப்பேர்தான் மிஸ்” என்றார். ஆலோசனை கேட்க வந்ததற்கே அரைநாள் சம்பளம் போயிருந்தது. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவானது. அடுத்த ஆண்டே கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. 2024இல்தான் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் லொறியேறிக் கீழே போக, லயத்தில் கோதுமைமா ரொட்டியும் சம்பலும்தான். மா மலிவு, வயிறு நிறையும், மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம். இதை அறியாமை என்பவர்கள் விடியற்காலையில் ஒரு லய அடுப்படியில் நின்று பார்க்கட்டும்.

1973 முதல் அரசு வழங்கும் திரிபோஷா பற்றியும் விவாதம் உண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்ததை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள் என்பது முறைப்பாடு. பசித்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? மா தேவை, ஆனால் மாவால் மட்டும் ஆகாது.

செலவில்லாமல் மாற்றக்கூடியது ஒன்று தேத்தண்ணீர். தேயிலையின் பொலிபீனோல்கள் பருப்பு, கீரை, தானியம் ஆகியவற்றின் இரும்புச்சத்தைப் பிடித்து உடலில் சேரவிடாமல் செய்கின்றன. குளிர் மலையில் சாயம் குடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடச் சொல்கிறேன். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணீரோடும் கல்சியம் குளிசையோடும் போடக் கூடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டால் நன்றாகச் சேரும்.

வன்னி வாசகர்களுக்கும் ஒன்று. கருவில் பசியை அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து கூடுதல் என்பதை 1944–45 ஒல்லாந்துப் பஞ்சத்தில் கருவிலிருந்தவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டனர். 2009இல் கஞ்சியோடு கர்ப்பம் சுமந்த தாய்மாரின் பிள்ளைகள் இப்போது பதின்ம வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். இருபாலாருக்கும் வளர வளர இரத்தச் சீனியும் பார்க்க வேண்டும். வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அடுத்த கிளினிக்கில் நிறையோடு நீளத்தையும் அளந்து பதிவேட்டில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். உயரம் பெரும்பாலும் அந்த வயதுக்குள்தான் தவறிப்போகிறது.