தேதி யார் கையில்?

வார்சாவின் க்ஷிபோவ்ஸ்கா தெருவில் 1990-களின் தொடக்கத்தில் வாரக் கடைசியானால் கணினிச் சந்தை கூடும். மேசை மேல் வரிசையாக வீடியோ கேம்கள் இருக்கும், அநேகமாக எல்லாமே கள்ளக் காப்பி. கணினி மென்பொருளுக்கும் பொருந்துகிற பதிப்புரிமைச் சட்டம் போலந்தில் 1994-ல்தான் வந்தது. அதுவரை காப்பியடித்து விற்பதை அங்கே யாரும் திருட்டாக நினைக்கவில்லை. அந்தச் சந்தையில் கேம் விற்றுப் பழகிய பள்ளித் தோழர்கள் இருவர், மார்சின் இவின்ஸ்கியும் மிஹாவ் கிச்சின்ஸ்கியும், அதே 1994-ல் சட்டப்படி கேம் இறக்குமதி செய்து விற்கும் சிடி ப்ராஜெக்ட் கம்பெனியைத் தொடங்கினார்கள். கையில் சுமார் 2,000 டாலர். அலுவலகம், நண்பர் ஒருவர் வாடகை வாங்காமல் விட்டுக்கொடுத்த இடம்.

இந்தக் கதையில் எனக்கு அக்கறை வரக் காரணம் என் பிழைப்பு. பெரிய கேம்களுக்குப் பீப்பாய், கதவு, கல்தூண் என்று சில்லறைச் சாமான்களை முப்பரிமாணத்தில் செய்து கொடுக்கும் சென்னை ஸ்டுடியோ ஒன்றில் நான் தேதி பார்க்கிறவன். விசிட்டிங் கார்டில் ‘புரொடியூசர்’ என்று போட்டிருக்கும். வேலை என்னவோ எக்செல் ஷீட்டில் சிவப்புக் கட்டங்களைப் பச்சையாக்குவதுதான். பெரிய பட்ஜெட் கேமைப் பப்ளிஷர் தயவில்லாமல் ஒரு ஸ்டுடியோ எடுத்துக் கரை சேர்க்க முடியுமா என்று டீக்கடையில் பேச்சு வந்தால், பையன்கள் பணத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் தேதியைப் பற்றிப் பேசுவேன்.

பப்ளிஷர் முறை இப்படி. கேம் செய்யும் செலவைப் பப்ளிஷர் முன்பணமாகத் தருவார், அதையும் தவணை தவணையாக. இந்தத் தேதிக்குள் முதல் ஊர் ஓட வேண்டும், அந்தத் தேதிக்குள் சண்டைக் காட்சி முடிய வேண்டும் என்று மைல்ஸ்டோன் போட்டிருக்கும். பப்ளிஷர் ஆள் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த தவணை. கேம் விற்றால் முதலில் அந்த முன்பணம் கழியும், அதற்குப் பிறகே ஸ்டுடியோவுக்கு ராயல்டி. அதனால் கேம் ஓரளவு நன்றாக ஓடியும் ஸ்டுடியோ கையில் ஒன்றும் நிற்காமல் போவதுண்டு. வெளியீட்டுத் தேதியோ பெரும்பாலும் பப்ளிஷரின் நிதியாண்டுக் கணக்கை ஒட்டியே விழும்.

இந்த முறைக்கு வெளியே வந்து பெரிய கேம் எடுத்த இரண்டு ஸ்டுடியோக்களின் வரலாறு ஒரே கேமின் பெயரில் சந்திக்கிறது. அது ‘பால்டர்ஸ் கேட்’. கனடாவின் எட்மன்டனில் மருத்துவம் படித்த டாக்டர்கள் தொடங்கிய பயோவேர் அதைச் செய்தது, இன்டர்ப்ளே 1998-ல் வெளியிட்டது.

மறு வருஷம் அதைப் போலிஷ் மொழியில் கொண்டுவர வார்சா தோழர்கள் இறங்கினார்கள். கேமில் மலைபோல வசனம். அத்தனையையும் மொழிபெயர்த்து, பியோத்தர் ஃப்ரொன்செவ்ஸ்கி மாதிரி வீட்டுக்கு வீடு தெரிந்த நடிகர்களைப் பேச வைத்தார்கள். கள்ளக் காப்பிக்காரனை விலையில் ஜெயிக்க முடியாது என்பது சந்தையிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கேம் 5 சிடி. சந்தையில் விலை சிடிக்கு இவ்வளவு என்பதால் கள்ளக் காப்பியும் மலிவாக இருக்காது. அந்த இடைவெளியில் புகுந்தார்கள். கனத்த பெட்டி, உள்ளே காகிதத்தோல் போன்ற தாளில் வரைபடம், விதிப் புத்தகம், இசைக்குத் தனி சிடி. இன்டர்ப்ளேக்கு அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தது 3,000 பெட்டி. முதல் நாளே 18,000 பெட்டி போனது.

அந்த லாபத்திலிருந்துதான் சொந்தக் கேம் செய்யும் ஆசை வந்தது. எழுத்தாளர் ஆந்த்ரெய் சப்கோவ்ஸ்கியிடம் ‘விட்சர்’ கதைகளின் கேம் உரிமையை வாங்கினார்கள். லாபத்தில் பங்கு தருகிறோம் என்றதற்கு அவர், கேம் எங்கே ஓடப்போகிறது, மொத்தப் பணத்தையும் இப்போதே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். அவரே பின்னாளில் பேட்டியில் இதைச் சொல்லி நொந்துகொண்டார். கேம் எஞ்சினை பயோவேரிடம் வாங்கினார்கள். 2004-ல் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் பயோவேர் தன் அரங்கிலேயே இவர்களுக்கு ஒரு மூலை கொடுத்தது. ‘விட்சர்’ 2007 அக்டோபரில் வந்தது. பயோவேரை இஏ வாங்குவதாக அறிவிப்பு வந்ததும் அதே மாதம்தான். குரு பெரிய பப்ளிஷரிடம் போய்ச் சேர்ந்தபோது சிஷ்யன் சொந்தக் கேமைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தான்.

2015 மே மாதம் ‘விட்சர் 3’. விளம்பரமும் சேர்த்துச் செலவு சுமார் 8 கோடி டாலர். முதல் இரண்டு வாரத்தில் 40 லட்சம் பிரதி விற்றது. டீக்கடை வாதம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இடையில் பணமுடை வந்தபோது கம்பெனி வார்சா பங்குச் சந்தைக்குப் போயிருந்தது. ‘சைபர்பங்க் 2077’-ஐ 2020 ஏப்ரல் 16 என்றார்கள், பிறகு செப்டம்பர் 17, பிறகு நவம்பர் 19. கடைசியில் டிசம்பர் 10-க்கு வந்தது. முன்பதிவு மட்டும் 80 லட்சம். ஆனால் பழைய கன்சோல்களில் கேம் தடுமாறியது, மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்தது, ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தது. இவர்களுக்கு மேலே பப்ளிஷர் யாரும் இல்லை. ஆனால் பண்டிகைக் கால விற்பனையும் முதலீட்டாளர் எதிர்பார்ப்பும் கழுத்துக்கு நேரே நின்றன. மூன்று தடவை தள்ளியவர்களால் நான்காம் தடவை தள்ள முடியவில்லை.

இன்னொரு ஸ்டுடியோ பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து லாரியன். 1996-ல் ஸ்வென் விங்கே தொடங்கியது. 2002-ல் வந்த ‘டிவைன் டிவினிட்டி’க்கு அந்தத் தலைப்பு வைத்தது பப்ளிஷர்தான், விங்கேவுக்கு அது பிடிக்கவே இல்லை. கேமை விமரிசகர்கள் பாராட்டினார்கள், ஸ்டுடியோவுக்கோ பணம் வரவில்லை. முப்பது பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். 2009-ல் வந்த அடுத்த பெரிய கேமும் வேகாமலே பந்திக்கு வந்தது. இனிப் பப்ளிஷர் சகவாசம் வேண்டாம் என்று விங்கே முடிவெடுத்தது அதற்குப் பிறகு.

2013-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ரசிகர்களிடம் 4 லட்சம் டாலர் கேட்டார், 9 லட்சத்துக்கு மேல் வந்தது. ‘ஒரிஜினல் சின்’ கேமின் செலவில் அது ஒரு பகுதிதான், மீதிக்குக் கம்பெனி திவால் விளிம்பு வரை போய் வந்தது. ஆனால் கேம் இன்னும் தயாராகவில்லை, தள்ளுகிறோம் என்று ரசிகர்களிடமே சொல்ல முடிந்தது. 2014-ல் கேம் ஓடியது. 2017-ல் வந்த இரண்டாம் பாகம் அதைவிட ஓடியது. ‘பால்டர்ஸ் கேட் 3’ எடுக்கும் உரிமையும் கெண்ட் நகரத்துக்கு வந்தது.

10 கோடி டாலருக்கு மேல் செலவு, பல நாடுகளில் கிளை, நானூறுக்கு மேல் ஆட்கள். பட்ஜெட்டில் எந்தப் பெரிய பப்ளிஷருக்கும் குறைந்ததில்லை. கதையின் முதல் பகுதியை மட்டும் 2020 அக்டோபரில் முழு விலைக்கு விற்றார்கள். அதை வாங்கி விளையாடியவர்கள் குறை சொல்லச் சொல்ல மூன்று வருஷம் திருத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 31 என்றிருந்த கணினிப் பதிப்பை, வேலை முடிந்துவிட்டது என்று ஆகஸ்ட் 3-க்கு முன்னே இழுத்தார்கள். எக்ஸ்பாக்ஸின் மலிவான மாடலில் ஒரே திரையை இருவர் பங்கிட்டு ஆடும் வசதி சரியாக வரவில்லை, அதனால் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு மட்டும் டிசம்பருக்குப் போனது. என் எக்செல் ஷீட்டில் தேதி முன்னே நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை விங்கே இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு வாங்கினார்.

லாரியனுக்கு வெளியார் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. சீனாவின் டென்சென்ட் சிறுபான்மைப் பங்கு வைத்திருக்கிறது, கேமின் பெயரும் உலகமும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனியின் சொத்து. முடிவெடுக்கும் பங்கு மட்டும் விங்கே பக்கம் இருக்கிறது. 2024 மார்ச்சில் அவர் மேடையேறி, நான்காம் பாகத்தை நாங்கள் எடுக்கப்போவதில்லை, சொந்தக் கதைக்குப் போகிறோம் என்றார். இப்படி ஓடிய கேமின் அடுத்த பாகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பங்குதாரர் கூட்டத்தில் உட்கார முடியுமா?

ஆக, பெரிய பட்ஜெட் கேமைச் சொந்தக் காலில் நின்று எடுக்க முடியும். கம்பெனி தொடங்கியதிலிருந்து ‘விட்சர் 3’ வரை வார்சாவுக்கு 21 வருஷம், ‘பால்டர்ஸ் கேட் 3’ வரை கெண்ட்டுக்கு 27 வருஷம் ஆனது. இருவருமே முதலில் சின்ன கேம்களில் அடிபட்டு, அதில் மிச்சப்பட்டதைப் பெரியதில் போட்டவர்கள். எங்கள் பையன்கள் சொந்த ஸ்டுடியோ தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். தொடங்குங்கள். முதலீட்டுக்காரர் வந்தால் எத்தனை கோடி என்று அப்புறம் கேளுங்கள், கேம் தயாராகாத நாளில் அதை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை முதலில் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.